அஞ்சாம் மாசம், ஓயாத பசி: ரொட்டியா, கடலையா?

தலவாக்கலை டீச்சர்
எல்லாருக்கும் வணக்கம். முதல் பிள்ளை, 22 வாரம் நடக்குது. முதல் மூணு மாசம் வாந்தியில தண்ணிகூட உள்ள நிக்கல. இப்போ அதையெல்லாம் வட்டியும் முதலுமா வசூல் பண்ணுது உள்ள இருக்கிறது. காலையில ரெண்டு தேங்காய் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுத்தான் பஸ் ஏறுறேன். ரெண்டாம் பாடம் முடியுறதுக்குள்ள வயித்துக்குள்ள சட்டி பானை உருளுற சத்தம். மேசை லாச்சியில எப்பவும் ஒரு பெக்கட் கிரீம் கிரேக்கர் இருக்கும். நாலு பிஸ்கட்டும் சீனி போட்ட தேத்தண்ணியும் உள்ள போனா அரை மணித்தியாலம் தாங்கும், அப்புறம் பழைய கதைதான். ராத்திரி ரெண்டு மணிக்கு எழும்பி இருட்டுல குசினியைத் தடவுறேன்.

மாமி, "ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும், இன்னொரு ரொட்டி போடவா?"ங்கிறாங்க. கிளினிக்ல மிட்வைப் மிஸ் எடையைப் பாத்துட்டு, "மாச்சாப்பாட்டைக் குறைங்க"ங்கிறாங்க. யார் பேச்சைக் கேக்க? பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போறமாதிரி, வயித்துல நிக்கிற சாப்பாடு என்ன இருக்கு? பாதாம், ஓட்ஸ்னு மட்டும் சொல்லிடாதீங்க. டவுன் விலை எனக்கும் தெரியும்.

மஸ்கெலியா பெரியம்மா
தாயி, பசிச்சா சாப்பிடு. இதுக்கு ஒரு கேள்வியா? நான் நாலு பெத்தவ. எட்டு மாசம் வரைக்கும் தேயிலை மலையில நின்னேன். காலையில பேர் குடுக்கிற பிரட்டுக்குப் போகும்போது ஒரு ரொட்டி, கூடைக்குள்ள துணியில சுத்தி இன்னும் ரெண்டு, ஒரு போத்தல் சாயத்தண்ணி, பால் இல்லாத தேத்தண்ணி. அந்த ரொட்டிதான் என்னை மலையேத்துச்சு. இப்போ போனைத் தொறந்தா ஆளாளுக்கு ரொட்டி விஷம்ங்கிறாங்க. மாமி போடுற ரொட்டியை வேணாம்னு சொல்லாத. மனசு நொந்து போகும்.

பழைய மிட்வைப்
முப்பது வருஷம் தோட்டங்களுக்குள்ள நடந்தவள் நான். பெரியம்மா ரொட்டியைப் பத்திச் சொல்றது பொய்யில்ல. ஆனா அவங்க ஏறி இறங்கின மலைக்கும், டீச்சர் கரும்பலகை முன்னால நிக்கிறதுக்கும் ஒரே கணக்குப் போடக்கூடாது.

"ரெண்டு உசுரு"ன்னா ரெண்டு மடங்கு சோறு இல்ல. முதல் மூணு மாசம் மேலதிகச் சாப்பாடு எதுவுமே தேவையில்ல. நடு மூணு மாசத்துல ஒரு நாளைக்கு 340 கலோரி அளவுல கூட வேணும், கடைசி மூணு மாசத்துல 450 அளவுல. ஒரு பெரிய ரொட்டியும் ஒரு முட்டையும் சேந்தாலே அந்த 340 கிட்டத்தட்ட வந்துடும். அவ்வளவுதான் விஷயம்.

பசி திரும்பித் திரும்பி வர்றது ஏன்னா, கோதுமை மா, பிஸ்கட், சீனித் தேத்தண்ணி மூணும் ஒரே சாதி. சட்டுனு இரத்தத்துல சீனியை ஏத்தி, சட்டுனு இறக்கிடும். இறங்கினதும் மறுபடி வயிறு கூப்பிடும். கூடவே புரதமும் நாரும் போனாத்தான் மெதுவா செமிக்கும். அவிச்ச கொண்டைக்கடலை 100 கிராம்ல 9 கிராம் அளவு புரதம் இருக்கு, நாரும் தாராளம். ஒரு முட்டையில 6 கிராம். கௌபிங்கிற தட்டைப்பயறு, பாசிப்பயறு எல்லாம் இதே கூட்டம்தான். கடலையை முந்தின ராத்திரி ஊறப்போட்டு, அவிச்சு, கடுகு, செத்தல் மிளகாய், தேங்காய்ச் சொட்டு போட்டுத் தாளிச்சு டப்பாவுல கொண்டு போங்க.

இன்னொண்ணு. பசியோட தாகமும் கூட இருந்து, அடிக்கடி ஒண்ணுக்கும் போகுதுன்னா கிளினிக்ல கட்டாயம் சொல்லுங்க. கர்ப்ப காலத்துல வர்ற சீனி வியாதியாவும் இருக்கலாம். 24க்கும் 28க்கும் இடைப்பட்ட வாரங்கள்ல குளுக்கோஸ் குடிக்கக் குடுத்து இரத்தம் எடுப்பாங்க. அதைத் தவறவிடாதீங்க.

பண்டாரவளை அண்ணன்
மிஸ் சொல்றது ஏட்டுல சரி. அடுப்புக்கிட்ட வாங்க. கடலை என்ன லேசுல வேகுதா? நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், தண்ணி 94 பாகையிலயே கொதிச்சிடும். அங்க இருக்கிற என் தங்கச்சி ஒன்றரை மணித்தியாலம் அவிச்சும் கல்லு மாதிரிதான்னு போன்ல அழுவா. கேஸ் சிலிண்டரை யார் தூக்கிட்டு வந்து போடுறது? பிரஷர் குக்கர் எத்தனை லயத்து வீட்டுல இருக்கு? போதாக்குறைக்கு வாய்வு. மாசமா இருக்கிறவளுக்கு ஏற்கனவே நெஞ்செரிச்சல், அதுல கடலையும் சேந்தா சொல்லவே வேணாம். பருப்பு போதும். பாணுக்குப் பருப்பு, ரொட்டிக்குப் பருப்பு. இருபது நிமிஷத்துல வேலை முடிஞ்சது.

ஹட்டன் மருமகள்
அண்ணே, பருப்பை டப்பாவுல ஊத்தி பஸ்ல கொண்டு போய்ப் பாத்திருக்கீங்களா? என் ஹேண்ட்பேக் இன்னும் மஞ்சளா இருக்கு.

கடலைக்கு நான் செய்றது இதுதான். படுக்கப்போக முன்ன பிளாஸ்க்குல கொதிதண்ணி ஊத்தி, கடலையைக் கழுவிப் போட்டு மூடிடுவேன். விடிய அடுப்புல வச்சா பாதி நேரத்துல வெந்துடும். ரொம்பப் பிடிவாதமான கடலைன்னா ஊறுற தண்ணியில ஒரு சிட்டிகை ஆப்பசோடா. அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு வேற தண்ணியில அவிச்சா வாய்வும் குறையும். கையில அழுத்தினா மசியணும், அது வரைக்கும் இறக்காதீங்க.

ஆனா என் கோபம் வேற. என்ன சாப்பிடணும்னு பக்கம் பக்கமா எழுதுறீங்க. யார் சாப்பிடுறாங்கன்னு கேட்டீங்களா? கிளினிக்ல மாசம் ரெண்டு பெக்கட் திரிபோஷா தருவாங்க. சோளம், சோயா, பால்மா சேந்தது. 1973லயிருந்து இலங்கையில குடுக்கிறாங்க. பெக்கட்டுக்கு 750 கிராம், ஆக ஒரு நாளைக்கு 50 கிராம், அது தாய்க்கு மட்டும். எங்க வீட்டுல நடந்தது என்ன? கிளினிக்ல இருந்து வந்து பெக்கட்டை மேசையில வச்சுட்டுக் குளிக்கப் போனேன். வந்து பாத்தா கொழுந்தன் கிரிக்கெட் பாத்துட்டு, கோப்பை நிறைய திரிபோஷாவுல சீனி போட்டுக் கரண்டியால அள்ளுறார். மாமாவுக்கு ஒரு உருண்டை, மூத்தவனுக்கு ஒரு உருண்டை. அஞ்சாம் நாள் பெக்கட்டுல தூள்தான் மிச்சம். அடுத்த மாசம் அரிசி டின்னுக்கு அடியில ஒளிச்சு வச்சேன். சொந்த வீட்டுல திருடி மாதிரி சாப்பிட்டேன்.

மஸ்கெலியா பெரியம்மா
அது உண்மை. எங்க காலத்துல அதை மாட்டுக்குக்கூட வச்சிருக்காங்க, வாசம் பிடிக்கலன்னு.

தலவாக்கலை டீச்சர்
அந்த வாசம்தான் எனக்கும் பிரச்சினை. கஞ்சியாக் காய்ச்சினா குமட்டுது.

ஹட்டன் மருமகள்
காய்ச்சாதீங்க டீச்சர். அது ஏற்கனவே வேக வச்ச மா. வெறும் சட்டியில லேசா சூடாக்கி, தேங்காய்ப்பூ, கொஞ்சம் கருப்பட்டி, ரெண்டு கரண்டி சுடுதண்ணி விட்டு உருண்டை பிடிங்க. எலுமிச்சம்பழ அளவுல ரெண்டு. பத்து மணிப் பசிக்கு அடிச்சுக்க ஆளில்ல.

பழைய மிட்வைப்
கருப்பட்டியும் சீனிதான், அதுல கொஞ்சம் கை இறுக்கம் வேணும். மத்தபடி சரியான யோசனை.

பெரியம்மாகிட்ட ஒண்ணு கேக்கணும். நாலு பிள்ளையும் பிறந்தப்போ என்ன எடை?

மஸ்கெலியா பெரியம்மா
மூத்தவன் ஆறு இறாத்தல். மத்தது ஞாபகமில்ல. மூணாவது மட்டும் நாலே முக்கால். பஞ்சுல சுத்தித்தான் கையில குடுத்தாங்க.

பழைய மிட்வைப்
நாலே முக்கால்னா 2.15 கிலோ. 2.5க்குக் கீழ போனா எடை குறைஞ்ச பிள்ளைன்னுதான் நாங்க பதிவோம். இந்த நாட்டுல அப்படிப் பிறக்கிற பிள்ளைங்க விகிதம் தோட்டப்புறத்துலதான் அதிகம். வெறும் ரொட்டியும் சாயமும் போதும்னா அது ஏன்?

மஸ்கெலியா பெரியம்மா
மிஸ், கோவிச்சுக்காதீங்க. அதை என் ரொட்டி தலையில கட்டாதீங்க. அந்தப் பிள்ளைக்கு ஏழு மாசத்துல மழையில கொழுந்து எடுத்தேன். நிறுவைக்குக் கூடையைத் தூக்கிட்டு இறங்கினேன். உக்காந்து சாப்பிட நேரமில்ல. அதையும் எழுதுங்க. அப்புறம், நாங்க வெறும் ரொட்டி தின்னோம்னு யார் சொன்னா? லயத்துக்குப் பின்னால நாலு கோழி, ஒரு மாடு. ஓடைக்கரையில வல்லாரை பறிப்போம். சம்பளம் போட்டா நெத்தலிக் கருவாடு வரும். மூணாவது பிள்ளை நேரம் மாட்டை வித்துட்டோம்.

பழைய மிட்வைப்
நான் கேட்ட விதம் தப்பு, பெரியம்மா. வேலையையும் சேத்துத்தான் எழுதியிருக்கணும். ஆனா பாருங்க, நீங்க சொன்ன கோழி, மாடு, வல்லாரை, நெத்தலி, இதைத்தான் நானும் ரொட்டிக்குப் பக்கத்துல கேக்கிறேன்.

பண்டாரவளை அண்ணன்
இப்போ மாடும் இல்ல, கோழிக்குக் கூடு கட்ட இடமும் இல்ல. முட்டை விலை ஏறி இறங்குறதைப் பாத்தா நம்ம இரத்த அழுத்தமும் கூடவே ஏறும். அதனாலதான் பருப்புங்கிறேன். இன்னும் நான் தோக்கல.

எட்டு மாசம், வலப்பனை
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். யார்கிட்டயும் சொல்லாத விஷயம் ஒண்ணு. எனக்குச் சாப்பாட்டு மேல பசி இல்ல, பச்சரிசி மேலதான். ஒரு நாளைக்கு ரெண்டு கை மென்னுடுறேன். மழை பேஞ்சா மண் வாசத்துக்கு வாய் ஊறுது. இது ஆசையா, நோயா?

பழைய மிட்வைப்
வெக்கப்படாதீங்க தங்கச்சி, என்கிட்ட நிறையப் பேர் காதுக்குள்ள சொன்னதுதான். அரிசி, மண், சாம்பல் மேல ஆசை வந்தா முதல்ல இரத்தம் பாக்கணும். இரும்புச்சத்து குறைஞ்சாலும் இப்படி வரும். வயித்துப் பூச்சிக்கு மருந்து எடுக்கணுமான்னும் மிஸ்கிட்ட கேளுங்க. இந்த வாரமே போங்க.

டீச்சருக்கும் சேத்தே சொல்றேன். சாப்பாட்டோட தேத்தண்ணி வேணாம். சாயத்துல இருக்கிற துவர்ப்பு இரும்புச்சத்தை உடம்புல சேர விடாது. சாப்பாட்டுக்கு முன்னயும் பின்னயும் குறைஞ்சது ஒரு மணித்தியாலம் தள்ளி வைங்க. இரும்புக் குளிசையைத் தேசிக்காய்த் தண்ணியோட போடுங்க. கல்சியம் குளிசை வேற நேரத்துல. தேயிலை மலைக்கு நடுவுல இருந்துட்டு இதைச் சொல்றதுக்கு எனக்கே சங்கடமாத்தான் இருக்கு.

தலவாக்கலை டீச்சர்
மூணு வாரம் கழிச்சு வர்றேன். குளுக்கோஸ் சோதனையில பயமில்லன்னாங்க. இரத்தத்துல ஹீமோகுளோபின்தான் 10.1. நடுமாசத்துல 10.5க்குக் கீழ போனா குறைவுதானாம், குளிசையை ஒழுங்கா போடச் சொன்னாங்க. போன மாசம் பாதி நாள் மறந்திருந்தேன், ஒத்துக்கிறேன்.

லாச்சியில பிஸ்கட் இல்ல. திங்கள், புதன், வெள்ளி கடலை, மத்த ரெண்டு நாளும் திரிபோஷா உருண்டை. பிளாஸ்க் வழி நல்லா வேலை செய்யுது. மூணாம் வகுப்புப் பசங்க வாசம் பிடிச்சு மேசையைச் சுத்தி நிக்கிறாங்க, அதனால இப்போ ரெண்டு டப்பா. ராத்திரிப் பசிக்கு ஒரு கோப்பை தயிரும் வாழைப்பழமும். எழும்புறது நிக்கல, ஆனா சீனி டின்னைத் தேடல. மாமிகிட்ட ரொட்டியைக் குறைக்கச் சொல்லல. மாவுல முட்டையும் முருங்கைக்கீரையும் போடலாமான்னு கேட்டேன். ஒரு நிமிஷம் முறைச்சாங்க, அப்புறம் போட்டாங்க. ரெண்டுக்குப் பதிலா ஒண்ணே போதுது.

ஒரு பிரச்சினை மட்டும் தீரல. இடைவேளைக்கு டப்பாவைத் தொறக்கிற நேரம் பாத்துத்தான் ஆசிரியர் அறையில தேத்தண்ணி வருது. வேணாம்னா, "டீச்சருக்கு என்ன கோபம்?"ங்கிறாங்க.

ஹட்டன் மருமகள்
கோப்பையை வாங்கி பக்கத்து டீச்சர் மேசையில வச்சுடுங்க. நான் ஆறு மாசம் அப்படித்தான் ஓட்டினேன்.

பண்டாரவளை அண்ணன்
பருப்பு வடை சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது.

மஸ்கெலியா பெரியம்மா
முட்டை போட்டாலும் கீரை போட்டாலும் அது ரொட்டிதான், மிஸ் பாத்துக்குங்க. ஆனா தேத்தண்ணியை விடச் சொன்னா நான் இந்தப் பக்கமே வரமாட்டேன். எனக்கு இனி பிள்ளையா பொறக்கப் போகுது?