புயல்ல கிளை விழுந்து மெட்டடார் வேன் கூரை அமுங்கிடுச்சு, வெட்டணுமா நிமித்தணுமா?

திண்டிவனம்_மெட்டடார்:

வணக்கம் மக்களே, எங்க பெரியப்பாவோட வேன் விஷயமா ஒரு யோசனை வேணும். 1973 மாடல் மெட்டடார், பஜாஜ் டெம்போ கம்பெனி வண்டி, ஒரு காலத்துல கல்யாண சவாரி திருப்பதி சவாரின்னு ஓடி சம்பாதிச்சுக் குடுத்தது, அப்புறம் விக்க மனசு வராம வீட்டு ஓரமா நிறுத்திட்டார், இப்ப நான்தான் பாத்துக்கிறேன், மாசத்துக்கு ஒரு தடவையாவது ஸ்டார்ட் பண்ணி ஒரு ரவுண்டு போயிட்டு வருவேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையக் கடந்தப்ப பக்கத்துல நின்ன புளியமரத்துல இருந்து பெரிய கிளை ஒண்ணு முறிஞ்சு வேன் மேல விழுந்துடுச்சு. பக்கத்துல மயிலத்துல மட்டும் அரை மீட்டர் கிட்ட மழை பதிவாச்சுன்னு பேப்பர்ல வந்துச்சுல்ல, அந்த மழைதான், தண்ணி வடியற வரைக்கும் வேன் கிட்டவே போக முடியல.

கிளை தகரத்து மேல நேரா விழல, மேல இருந்த லக்கேஜ் கேரியர் மேல விழுந்துருக்கு. கேரியர் கால் கட்டரை, அதான் கூரை ஓரத்துல மழைத்தண்ணி ஓடற தகர மடிப்பை, புடிச்சிட்டு இருந்ததால டிரைவர் பக்கம் ரெண்டடி நீளத்துக்கு கட்டர் பிஞ்சு தொங்குது. நடுக்கூரை நாலு விரக்கடை ஆழம் உள்ள போயிருக்கு, அதுல ஒரு இடத்துல தகரம் மடிஞ்சு கிழிஞ்சும் இருக்கு. முன் கண்ணாடி மூலையில கீறல் விட்டுருச்சு. டிரைவர் கதவை லேசா தூக்கிப் புடிச்சாத்தான் மூடுது.

தகர வேலை பாக்கற ரெண்டு டிங்கர்கிட்ட காட்டினேன். ஒருத்தர் மொத்த கூரையையும் வெட்டி எடுத்துட்டு புது ஷீட் அடிச்சிடலாம், 60 ஆயிரம் ஆகும்ங்கறார். இன்னொருத்தர் உள்ள இருந்து சுத்தியலால தட்டி எடுத்து பட்டி (பள்ளத்தை நிரப்பற பசை) பாத்து பெயிண்ட் அடிச்சா ஒரு வாரத்துல வண்டி ரெடிங்கறார், 15 ஆயிரம் போதுமாம். என் மச்சான் ஃபைபர் கூரை போட்டுரு, துருவே புடிக்காதுங்கறான். எதைக் கேக்கறதுன்னு தெரியல. இன்சூரன்ஸ் தேர்ட் பார்ட்டி மட்டும்தான் இருக்கு.

பழைய_இரும்பு:

ப்ரோ டிங்கர் யாருன்னு அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல இப்ப வண்டி எப்படி நிக்குதுன்னு சொல்லுங்க, மேல தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டி வெச்சிருப்பீங்களே, அதை இன்னைக்கே கழட்டுங்க. தகரத்தோட ஒட்டிக் கிடக்கற பிளாஸ்டிக் பாய் வெளியில இருந்து வர்ற தண்ணியைத் தடுக்கும், ஆனா உள்ள இருக்கற ஈரத்தையும் வெளிய விடாது, காலைல பாயைத் தூக்கிப் பாத்தா அடியில வேர்த்து ஊத்திட்டு நிக்கும். நாலு கம்பு நட்டு பந்தல் மாதிரி ஒரு அடி உசரத்துல கட்டுங்க, காத்து போகணும்.

உள்ள கூரையில ரெக்சின் லைனிங் இருந்தா முழுசா பிரிச்சு எடுத்துடுங்க, நனைஞ்ச ஹார்டுபோர்டு இருந்தா பாவம் பாக்காம தூக்கிப் போடுங்க. கிழிஞ்ச இடத்து வழியா போன தண்ணி லைனிங்குக்கும் தகரத்துக்கும் நடுவுல தங்கி கூரையோட குறுக்கு பீம் மேல உக்காந்துரும், துரு அங்கதான் ஆரம்பிக்கும், கீழ இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது. பேட்டரி ஒயரையும் கழட்டிடுங்க, உள்விளக்கு ஒயர் மேலதானே போகுது.

பட்டுக்கோட்டை_டிங்கர்_மகன்:

தம்பி, எங்க அப்பா பட்டறை வெச்சிருந்தார். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப எங்க பக்கம் நின்ன தென்னையை விட சாஞ்ச தென்னைதான் ஜாஸ்தி, அதுல பாதி யாராவது ஒருத்தர் வண்டி மேலதான் சாஞ்சிருந்துச்சு, அதனால கூரை வேலை பட்டறையில மாசக்கணக்குல ஓடுச்சு. அப்ப அவசரத்துக்கு தட்டிப் பட்டி பாத்து அனுப்பின வண்டியெல்லாம் அடுத்த ஐப்பசியில கொப்புளம் கொப்புளமா பெயிண்ட் தூக்கிட்டு வெளியூர் பட்டறைகள்ல இருந்து எங்ககிட்ட வந்துச்சு. அதை வெச்சுச் சொல்றேன், ரெண்டு டிங்கர் சொன்னதும் வேண்டாம்.

உங்க வண்டில நடந்தது என்னன்னா, அடி கூரைக்கு நேரா விழல, கேரியர் வழியா கட்டருக்கும் அங்க இருந்து முன் பில்லருக்கும் (கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவுல இருக்கற தூண்) போயிருக்கு. கதவு தூக்கிப் புடிச்சாத்தான் மூடுதுன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் முக்கியமான சேதி, நடுவுல இருக்கற பள்ளம் கண்ணுக்குப் பெருசா தெரிஞ்சாலும் அது ரெண்டாம் பட்சம். ஒரு டேப் எடுத்து முன் கண்ணாடி ஃப்ரேமை மூலைக்கு மூலை குறுக்க ரெண்டு பக்கமும் அளங்க. ரெண்டு அளவும் ஒண்ணா இருக்கணும். கால் இஞ்சு வித்தியாசம் வந்தாலே பில்லர் நகந்துருச்சுன்னு அர்த்தம். டிரைவர் கதவு ஓட்டையையும் அதே மாதிரி அளந்து எதிர்ப்பக்கக் கதவோட ஒப்பிட்டுப் பாருங்க. இந்த அளவு சரியாகற வரைக்கும் புதுக் கண்ணாடி வாங்கவே வாங்காதீங்க, கோணல் ஃப்ரேம்ல மாட்டின கண்ணாடி முதல் ஸ்பீடு பிரேக்கர்லயே கீறல் விடும்.

நிமித்தறது எப்படின்னா, மரம் எந்த வரிசையில கெடுத்துச்சோ அதுக்கு நேர் எதிர் வரிசையில வரணும். கடைசியா உண்டான மடிப்பைத்தான் முதல்ல எடுக்கணும். பாட்டில் ஜாக்கை உள்ள தரையில குறுக்கு சேனல் இருக்கற இடத்துல ஒரு பலகை போட்டு வெச்சு, மேல ஒரு தடி மரம், அந்த மரத்துக்கும் கூரைக்கும் நடுவுல அகலமான இன்னொரு பலகை, அந்தப் பலகை குறுக்கு பீம்ல தாங்கணும், வெறும் தகரத்துல தாங்கினா அந்த இடம் வெளிப்பக்கமா புடைச்சிட்டு வந்துரும், அப்புறம் அதுக்கு ஒரு தனி வைத்தியம். ஜாக்கை ஒரேயடியா ஏத்தாதீங்க, கொஞ்சம் ஏத்தி அந்த இழுவையிலயே விட்டுட்டு வெளிய வந்து பள்ளத்தைச் சுத்தி வரப்பு மாதிரி எழும்பி நிக்குதே அந்த மேட்டை மேல இருந்து மெதுவா தட்டுங்க. பள்ளத்தை உள்ளயே புடிச்சு வெச்சிருக்கறது அந்த மேடுதான், அது படிஞ்சா நடுத்தகரம் தானா பாதி மேல வந்துரும். ரெண்டாவது டிங்கர் சொன்ன மாதிரி பள்ளத்து நடுவுல உள்ள இருந்து சம்மட்டி போட்டீங்கன்னா தகரம் இழுபட்டு நீளமாயிடும், அப்புறம் வண்டி ஓடறப்போ கூரை டப்பு டப்புன்னு சத்தம் போட்டுக்கிட்டே வரும்.

அப்படி இழுபட்ட இடம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், அதுக்கு கேஸ்ல சின்னப் புள்ளியா செவக்கற வரைக்கும் காட்டி, அடியில டாலி (அண்டை குடுக்கற இரும்புக் கட்டை) குடுத்து சுத்தி தட்டி, ஈரத்துணி வெச்சு அணைச்சா தகரம் சுருங்கும். ஒரு புள்ளி ஆறின பிறகுதான் அடுத்த புள்ளி. கூரை பெரிய சமதளம், வரிசையா சூடு காட்டினா மொத்தமா அலை அடிச்சிரும், இதுல கை வந்த ஆளு இல்லேன்னா இந்த ஒரு வேலையை மட்டும் விட்டுடுங்க.

கிழிஞ்ச இடத்துக்கும் கட்டருக்கும்தான் புதுத் தகரம் வேணும். 20 கேஜ் சிஆர் ஷீட் (பூச்சு இல்லாத கோல்டு ரோல்டு தகரம்) வாங்குங்க, 0.9 மில்லி வரும், வெட்டற இடத்துல பழைய தகரத்தோட கனத்தை ஒரு தடவை பாத்துட்டு வாங்கினா நல்லது. துத்தநாகம் பூசின ஜிஐ ஷீட் வேண்டாம், வெல்டிங் வெச்சா துத்தநாகப் புகை வந்து ராத்திரி காய்ச்சல் கண்டுரும். ஒட்டுப் போடறப்போ பழைய தகரத்து மேல புதுசை ஏத்தி வெக்காதீங்க, ரெண்டுக்கும் நடுவுல தண்ணி நிக்கும், விளிம்புக்கு விளிம்பு சேத்து அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு இடம் மாத்தி மாத்தி வெல்டிங் பொட்டு வெச்சு கடைசில நிரப்பச் சொல்லுங்க.

மச்சான்_கட்சி:

எல்லாரும் ரொம்பப் படுத்தறீங்க. தினமும் ஓட்டப் போறதில்ல, வீட்டுல நிக்கற வண்டி, ஃபைபர் போட்டுட்டுப் போக வேண்டியதுதானே? எடையும் கம்மி, துருவும் இல்ல. புயல் மழை அடிக்கற ஊர்ல தகரத்தைக் கட்டிக்கிட்டு அழறதுல என்ன லாபம்னு புரியல.

கோவை_கிளாசிக்:

சார், லாபம் இருக்கு. 1973 வண்டின்னா 50 வருஷம் தாண்டிடுச்சு. மத்திய அரசு 2021ல கொண்டு வந்த விதிப்படி முதல் பதிவுல இருந்து 50 வருஷம் ஆன சொந்த உபயோகத்துல இருக்கற ரெண்டு சக்கர, நாலு சக்கர வண்டிகளை விண்டேஜ்னு பதிவு பண்ணலாம், நம்பர்ல விஏன்னு வரும், கட்டணம் 20 ஆயிரம், சர்டிபிகேட் 10 வருஷத்துக்குச் செல்லும், அப்புறம் புதுப்பிக்க 5 ஆயிரம். ஆனா நிபந்தனை என்னன்னா வண்டி ஒரிஜினல் வடிவத்துல இருக்கணும், சேஸி, பாடி ஷெல், எஞ்சின்ல பெரிய மாற்றம் எதுவும் பண்ணியிருக்கக் கூடாது. மொத்த கூரையையும் வெட்டி ஃபைபர் மாட்டின வண்டியைக் கொண்டு போய் நிறுத்தி இது ஒரிஜினல்னு எப்படிச் சொல்லுவீங்க? அடிபட்ட தகரத்தை அதே மாதிரி தகரத்தால சரி பண்ணினா அது ரிப்பேர், அவ்வளவுதான். அதுவும் போக, அந்தக் குறுக்கு பீமும் தகரமும் சேந்துதான் பக்கச் சுவரைப் புடிச்சு நிக்க வெச்சிருக்கு, ஃபைபரைச் சும்மா மேல ஒட்டினா அந்தப் பலம் வராது.

ஒண்ணு மட்டும் யோசிச்சுக்கோங்க, விண்டேஜ் நம்பர் வாங்கினா தினசரி ரோட்டுல ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல் டீசல் போட, மெயின்டெனன்ஸ்னு போறதுக்குத்தான் அனுமதி. மாசம் ஒரு ரவுண்டு போறதுதான் சந்தோஷம்னா பழைய பதிவையே புதுப்பிச்சு வெச்சுக்கறது நல்லது.

இன்சூரன்ஸ் பத்தி: தேர்ட் பார்ட்டில புயல் சேதத்துக்கு ஒரு பைசா வராது, சொந்த சேதம் சேத்து எடுத்திருந்தாத்தான் புயல், வெள்ளம் எல்லாம் அடங்கும். இவ்வளவு பழைய வண்டிக்கு மதிப்பு எவ்வளவுன்னு கம்பெனியும் நீங்களும் பேசி ஒத்துக்கற தொகைதான், அதனால ரிப்பேர் முடிஞ்சதும் நல்லா போட்டோ எடுத்து பில் எல்லாம் சேத்து வெச்சிட்டு பேசிப் பாருங்க.

திண்டிவனம்_மெட்டடார்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அண்ணா சொன்ன மாதிரி டேப் வெச்சுப் பாத்தேன், முன் ஃப்ரேம்ல முக்கால் இஞ்சு வித்தியாசம் வருது, டிரைவர் பக்க மேல் மூலைதான் கீழ இறங்கியிருக்கு. லைனிங்கைப் பிரிச்சா முன்னாடி இருந்து ரெண்டாவது பீம் வளைஞ்சு, அதுல இருந்த ஸ்பாட் வெல்டிங் நாலஞ்சு விட்டுப்போய் கிடக்குது. பீம் மேல ஏற்கனவே பழைய துரு, புயலுக்கு முன்னாடியே தண்ணி இறங்கிட்டு இருந்துருக்கும் போல. மச்சானுக்கு இந்தப் பதிவைக் காட்டினேன், ஒண்ணும் பேசல. வெட்டிடலாம்னு சொன்ன டிங்கர்கிட்டயே போய் இந்த முறையைச் சொன்னேன், செய்யலாம் ஆனா நாள் கூலிதான், காண்ட்ராக்ட் இல்லங்கறார். ஒத்துக்கலாமா? பெயிண்ட் வேலையையும் கையோட முடிச்சிடலாமா?

பட்டுக்கோட்டை_டிங்கர்_மகன்:

நாள் கூலி கேட்டார்னா நல்ல ஆளுதான் தம்பி, காண்ட்ராக்ட் பேசினா அவருக்கு சீக்கிரம் முடிக்கணும்னு இருக்கும், சீக்கிரம் முடிக்கணும்னா பட்டி டப்பாதான் கைக்கு வரும். பக்கத்துல நின்னு பாருங்க, டீ வாங்கிக் குடுங்க.

முக்கால் இஞ்சுன்னா பீமை நிமித்தறதுக்கு முன்னாடி பில்லர் மூலையைத்தான் ஏத்தணும். ஜாக்கைக் கோணலா வெச்சு, எதிர்ப்பக்கக் கீழ் மூலையில இருந்து இறங்கின மேல் மூலைக்கு. அளவை விட ஒரு நூல் (அரைக்கால் இஞ்சு) அதிகமாவே தள்ளி நிறுத்துங்க, ஜாக்கை எடுத்ததும் கொஞ்சம் திரும்பி வரும். கதவு தானா மூடறது வந்துட்டா பாதி வேலை முடிஞ்சுது. அப்புறம் பீம் துருவைச் சுரண்டி, ரஸ்ட் கன்வர்ட்டர் (மிச்சத் துருவை மாத்தற மருந்து) அடிச்சு, எபாக்சி பிரைமர் (ஈரம் புகாத அடிப்பூச்சு) குடுத்த பிறகுதான் திரும்ப ஸ்பாட் வெக்கணும், வெக்கற புள்ளியில மட்டும் பிரைமரைச் சுரண்டிக்கலாம்.

பட்டியே வேண்டாம்னு நான் சொல்லல, கடைசில நகக்கனத்துக்கு வேணும்தான். ஆனா வெறும் தகரத்து மேல நேரா பாக்காம எபாக்சி பிரைமருக்கு மேல பாருங்க, பட்டி ஈரத்தை இழுக்கும். கட்டர் சந்துக்கு பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட் மட்டும் போடுங்க. வினிகர் வாசம் வர்ற சிலிகான் டியூபை யாராவது கொண்டு வந்தா திருப்பி அனுப்பிடுங்க, அந்த ஆசிட் தகரத்தைத் தின்னும்.

பெயிண்ட் இப்ப வேண்டவே வேண்டாம். மார்கழிப் பனியில என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் அடிச்சா மேல வெள்ளையா புகை படிஞ்ச மாதிரி பூத்துரும். எபாக்சி பிரைமரோட பந்தலுக்கு அடியில நிக்கட்டும், தை பொறந்து வெயில் ஏறினதும் அடிச்சுக்கலாம். நடுவுல லேட் ஆச்சுன்னா பிரைமரை லேசா தேச்சிட்டுத்தான் அடுத்த கோட்டு.

பழைய_இரும்பு:

கண்ணாடி ரப்பர் பீடிங் பழசையே திரும்ப மாட்டாதீங்க, அம்பது வருஷ ரப்பர் கல்லாயிருக்கும், மேல் மூலையில தண்ணி இறங்கறது பாதி அங்க இருந்துதான். பழைய பீடிங்ல ஒரு அடி வெட்டி சாம்பிளுக்கு கையில எடுத்துட்டு சென்னை புதுப்பேட்டை பக்கம் பழைய ஸ்பேர் கடைங்களுக்குப் போங்க, சொல்லிப் புரிய வெக்கறதை விட காட்டினா எடுத்துக் குடுப்பாங்க. மாட்டறப்போ பீடிங் காடியில ஒரு நைலான் கயிறு சுத்தி, சோப்புத் தண்ணி தடவி, ஒருத்தர் வெளிய இருந்து உள்ளங்கையால அமுக்க உள்ள இருந்து இன்னொருத்தர் கயிறை மெதுவா இழுத்துட்டே வரணும்.

அப்புறம் அந்த கேரியரைத் திரும்ப மாட்டற ஐடியா இருந்தா மறந்துடுங்க, ஒட்டுப் போட்ட கட்டர் அதைத் தாங்காது.

திண்டிவனம்_மெட்டடார்:

கேரியரைக் கழட்டி மாட்டுக்கொட்டகை மேல போட்டாச்சு ப்ரோ, அங்கயே இருக்கட்டும். திங்கக்கிழமை டிங்கர் வரார், மூலை ஏறினதும் அளவு போடறேன்.