செக் எஞ்சின் விளக்கு: சொந்தமாக ஸ்கேனர் வாங்கலாமா? (2005 ப்ரோபாக்ஸ், யாங்கோன்)

தாம்வே தம்பி:

வணக்கம். யாங்கோன் தாம்வேயிலிருந்து எழுதுகிறேன். வண்டி 2005 டொயோட்டா ப்ரோபாக்ஸ், 1.5 லிட்டர் பெட்ரோல், ஆட்டோ கியர். ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்த வண்டி. கடைச் சரக்கும் இதில்தான், குடும்பமும் இதில்தான்.

செக் எஞ்சின் விளக்கு மஞ்சளாக எரிகிறது. பட்டறையில் அழித்துவிட்டால் சில நாள் சும்மா இருக்கிறது, பிறகு திரும்ப வந்துவிடுகிறது. சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் லேசாக உதறுகிறது, ஓட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு பட்டறையில் மெஷின் போட்டுப் பார்த்துவிட்டு ஆக்சிஜன் சென்சாரை மாற்று என்றார்கள், புகையில் ஆக்சிஜனை அளப்பதாம். இன்னொரு இடத்தில் உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் என்றார்கள். கோடு நம்பரை, அதாவது வண்டியின் கம்ப்யூட்டர் பதிவு செய்யும் கோளாறு எண்ணைக் கேட்டேன், இரண்டு இடத்திலும் சொல்லவில்லை. மெஷின் மாட்டுவதற்கே தனிக் காசு வேறு. பார்ட்ஸ் விலையோ டாலரைப் பார்த்துத் தினம் ஒன்றாக இருக்கிறது. தப்பான சாமானை வாங்கி மாட்டிவிட்டால் திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

அதனால் கோடைப் படிக்கிற ஒரு ஸ்கேனரைச் சொந்தமாக வாங்கிவிடலாமா என்று யோசிக்கிறேன். போனோடு சேரும் சின்ன ப்ளூடூத் வகை மலிவாகக் கிடைக்கிறது. திரையோடு வரும் கையடக்க வகை அதைவிடப் பல மடங்கு விலை. என் வண்டியை எது படிக்கும்? ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), ஏர்பேக் விளக்கு வந்தால் அதையும் பார்க்குமா? வெளியூரில், ஜியாவடியில் அக்கா வீட்டு விசேஷம் வருகிறது, அதற்குள் முடிவு எடுக்க வேண்டும்.

பகோ பட்டறை:

தம்பி, காசு கொடுப்பதற்கு முன்னால் சில விஷயங்களைப் பார்த்துச் சொல்லுங்கள்.

விளக்கு நிலையாக எரிகிறதா, மினுக்குகிறதா? மினுக்கினால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியே போகிறது என்று அர்த்தம். அந்தப் பெட்ரோல் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். அந்த நிலையில் ஜியாவடி இல்லை, பக்கத்துத் தெருவுக்கும் போக வேண்டாம். நிலையாக எரிந்தால் அவசரமில்லை, நிதானமாகப் பார்க்கலாம்.

அடுத்து, ஸ்டியரிங்குக்குக் கீழே 16 துளை உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். டார்ச் அடித்து எந்தெந்தத் துளையில் உலோகத் தகடு இருக்கிறது என்று பாருங்கள். அகலமான வரிசை மேலே இருக்கும்படி பார்த்தால் மேலே இடமிருந்து வலம் 1 முதல் 8, கீழே 9 முதல் 16. இதை ஏன் கேட்கிறேன் என்றால், சாக்கெட் வடிவம் ஒன்றாக இருப்பதால் மட்டும் எந்த ஸ்கேனரும் உங்கள் வண்டியோடு பேசிவிடாது. ஓபிடி-2 என்ற பொது முறை அமெரிக்காவில் 1996-லிருந்து கட்டாயம், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-லிருந்து. ஜப்பான் தன் நாட்டுக்குள் விற்ற வண்டிகளுக்கு அதைப் போன்ற விதியை 2008 கடைசியில்தான், அதுவும் புது மாடல்களுக்கு, கொண்டுவந்தது. நம் ஊரில் ஓடுவது பெரும்பாலும் ஜப்பான் உள்நாட்டு வண்டிகள். அதிலும் 2011-க்குப் பிறகு இறக்குமதி திறந்தபோது வந்து குவிந்தவை. அதனால்தான் ஒருவருக்குப் படிக்கிற ஸ்கேனர் அடுத்தவருக்குப் படிக்காமல் போகிறது.

6, 14 இரண்டிலும் தகடு இருந்தால் கேன் (CAN) என்ற புதிய முறை. மலிவு ஸ்கேனரும் படிக்க நல்ல வாய்ப்பு உண்டு. 6, 14 காலியாக இருந்து 7-இல் தகடு இருந்தால் பழைய ஒற்றைக் கம்பி முறை. கம்பெனிக்குக் கம்பெனி பேச்சு மாறும்.

கடைசியாக, ஒரு மல்டிமீட்டர் வாங்கி பேட்டரியை அளந்து பாருங்கள். எஞ்சின் அணைந்திருக்கும்போது 12.6 வோல்ட் பக்கம், ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். மின்சாரம் குறைந்தால் கம்ப்யூட்டர் சம்பந்தமில்லாத விளக்கையெல்லாம் ஏற்றும். ஸ்கேனருக்கு முன்னால் வீட்டில் இருக்க வேண்டியது மல்டிமீட்டர்தான்.

தன்லின் டாக்சி:

தம்பி, நான் வாங்காதேன்னுதான் சொல்லுவேன். எங்கிட்டயும் ப்ரோபாக்ஸ்தான். ஒரு வண்டிக்கு ஒரு மெஷினா? அந்தக் காசுல நாலு டயர்ல ரெண்ட மாத்தலாம். கோடு நம்பரை எழுதித் தர்ற பட்டறையாப் பார்த்துப் பிடி, அது போதும்.

டொயோட்டாவுல மெஷினே இல்லாமலும் கோடு பாக்கலாம், தெரியுமா? பகோ அண்ணன் சொன்ன அதே சாக்கெட்ல 4-ஐயும் 13-ஐயும் ஒரு சின்ன வயரால சேத்துட்டு, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் ஆன்ல வை. செக் எஞ்சின் விளக்கு மினுக்கியே கோடைச் சொல்லும். ரெண்டு தடவை மினுக்கி, கொஞ்சம் நின்னு, அஞ்சு தடவை மினுக்கினா 25. கோளாறே இல்லைன்னா நிக்காம சீரா மினுக்கிட்டே இருக்கும். ஏபிஎஸ் விளக்கும் இதே மாதிரி அதோட கோடைச் சொல்லும்.

இன்னொண்ணு. சிவப்பு ஆயில் விளக்கு, சிவப்பு ஹீட் விளக்கு வந்தா ஸ்கேனரைத் தேடாதே. ஓரமா நிறுத்து, எஞ்சினை அணை. ஆயில் இல்லைன்னு சொல்றதுக்கு டிப்ஸ்டிக், ஆயில் அளக்குற குச்சி, இருக்கு.

பகோ பட்டறை:

டாக்சி அண்ணன் சொன்ன வழி சரிதான், ஆனால் கை தவறி 16-ஆம் துளையைத் தொட்டுவிடாதீர்கள். அது நேராக பேட்டரி பிளஸ். 4 எர்த். இரண்டும் சேர்ந்தால் ஃபியூஸ் போகும். வயரைச் செருகுவதற்கு முன்னாலேயே துளையை எண்ணிச் சரிபாருங்கள்.

மண்டலே அக்கா:

தம்பி, நான் எதிர்ப்பக்கம் பேசுகிறேன். என்னிடம் 2010 ஹோண்டா ஃபிட். அதில் 6, 14 இரண்டும் உண்டு. மலிவான ப்ளூடூத் ஸ்கேனர்தான் வைத்திருக்கிறேன், நன்றாகவே படிக்கிறது.

ஒரு தடவை மேட்டில் ஏறும்போது வண்டி திணறியது, விளக்கு மினுக்கியது. ஓரம் கட்டிப் பார்த்தேன், பி0302 (P0302), அதாவது இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை. பட்டறைக்குச் சொன்னால், பெட்ரோலைப் பற்றவைக்க மின்சாரம் கொடுக்கும் நாலு இக்னிஷன் காயிலையும் மாற்ற வேண்டும் என்றார்கள். என் தம்பி இரண்டாவது காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டினான், மூன்றாவதை இரண்டாவதில். கோடை அழித்துவிட்டுக் கொஞ்சம் ஓட்டினோம். திரும்ப வந்தது பி0303. கோளாறு காயிலோடு சேர்ந்தே நகர்ந்துவிட்டது, அதனால் குற்றம் அந்த ஒரு காயில்தான். ஒன்று மட்டும் வாங்கினோம். ஸ்கேனர் கையில் இல்லாவிட்டால் இப்படி மாற்றிப் போட்டுப் பார்க்கவே முடியாது. பட்டறைக்காரர் ஒவ்வொரு தடவையும் மெஷின் மாட்டிக் காட்டிக்கொண்டிருப்பாரா?

ஐபோன் வைத்திருந்தால் சாதாரண ப்ளூடூத் ஸ்கேனர் சேராது. வைஃபை வகையோ ப்ளூடூத் 4.0 வகையோ கேட்டு வாங்குங்கள். ஆண்ட்ராய்டுக்கு எல்லாம் சேரும்.

தாம்வே தம்பி:

எல்லோருக்கும் நன்றி. பார்த்துவிட்டேன்.

விளக்கு நிலையாகத்தான் எரிகிறது, மினுக்கவில்லை. பேட்டரி 12.5, ஓடும்போது 14.1. சாக்கெட்டில் தகடு இருப்பது 4, 5, 7, 9, 13, 16. 6-உம் 14-உம் காலி. டாக்சி அண்ணன் சொன்னபடி 4, 13 சேர்த்துப் பார்த்தேன், வந்தது 25.

பிறகு மச்சானிடம் இருந்த ஈஎல்எம் 327 ப்ளூடூத் ஸ்கேனரை வாங்கி மாட்டினேன். அதில் விளக்கு எரிகிறது, போனோடு சேர்கிறது, வண்டியோடு மட்டும் சேரவே இல்லை. போட்டதாவுங்கில் தெரிந்த ஒருவரிடம் கையடக்க வகை இருந்தது. அதில் டொயோட்டா என்று போய், ஜப்பான் என்று தனியாக உள்ள மெனுவைத் திறந்ததும் உடனே பேசியது. கோடு பி0171. அளவுகளை எழுதிக்கொண்டேன்: எஞ்சின் சூடேறி, வண்டி நின்றபடி ஓடும்போது லாங் ஃபியூல் ட்ரிம் +22, ஆக்சிலேட்டரை நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு ஏற்றிப் பிடித்தால் +6 வரை இறங்குகிறது.

இதிலிருந்து என்ன புரிந்துகொள்வது? ஆக்சிஜன் சென்சாரை மாற்றவா?

பகோ பட்டறை:

தம்பி, மாற்றாதீர்கள். கோடு நம்பரைவிட நீங்கள் எழுதி வந்த அந்த இரண்டு அளவுக்குத்தான் மதிப்பு அதிகம்.

பி0171 என்றால் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. டொயோட்டாவின் பழைய 25-உம் அதையேதான் சொல்கிறது. இந்தச் செய்தியைச் சொன்னதே ஆக்சிஜன் சென்சார்தான். அது ஒழுங்காக வேலை செய்வதால்தான் புகார் வந்திருக்கிறது. கோட்டின் விளக்கத்தில் பெயர் வருகிற சாமானை மாற்றுவது பல பட்டறைகளில் பழக்கமாகிவிட்டது, எனக்கு அதில் மிகவும் வருத்தம் உண்டு.

ட்ரிம் என்பது கம்ப்யூட்டர் தானாகக் கூட்டிக் குறைக்கிற பெட்ரோல். +22 என்றால் வழக்கத்தைவிட 22 சதவீதம் கூட ஊற்றிக்கொண்டிருக்கிறது. பத்துக்குள் இருந்தால் கவலையில்லை. நிற்கும்போது அதிகமாக இருந்து, சுற்று ஏற ஏறக் குறைந்தால், எங்கோ ஓட்டை வழியாக அளக்கப்படாத காற்று உள்ளே போகிறது. ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, எஞ்சின் இழுக்கும் மொத்தக் காற்றே கொஞ்சம்தான், அதனால் சின்ன ஓட்டையும் பெரிதாகத் தெரியும். சுற்று ஏறினால் மொத்தக் காற்று பெருகிவிடும், அந்த ஓட்டையின் பங்கு சிறுத்துவிடும். நிற்கும்போது சரியாக இருந்து, இழுவையில் ஏறினால்தான் ஏர் ஃப்ளோ சென்சார் அழுக்கு, பெட்ரோல் பம்ப், ஃபில்டர் என்று சந்தேகப்பட வேண்டும். உங்களுடையது முதல் வகை. சிக்னலில் உதறுவதும் அதோடு பொருந்துகிறது.

எஞ்சின் ஆறியபின் ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து த்ராட்டில் (காற்று வரத்தைத் திறந்து மூடும் வால்வு) வரை உள்ள ரப்பர் குழாயை வளைத்து, மடிப்புகளுக்குள் பாருங்கள். பிறகு எஞ்சினின் மேல்மூடியிலிருந்து இன்டேக்குக்கு (காற்று உள்ளே போகும் பாதை) ஆவியைக் கொண்டுவரும் பிசிவி குழாய், அதன் அடிப்பக்கம். பிரேக் பூஸ்டர் குழாயையும் விடாதீர்கள். இருபது வருட ரப்பர், மேலே நன்றாக இருக்கும், கீழே வெடித்திருக்கும். சூடான எஞ்சினில் கார்ப் கிளீனர் அடித்துத் தேடுகிற வேலை வேண்டாம், தீப்பிடிக்கும்.

தாம்வே தம்பி:

கிடைத்துவிட்டது! பிசிவி குழாய்தான். வளைவின் அடியில் நீளமாக வெடிப்பு, கையால் அமுக்கினால் வாய் திறக்கிறது. ஆயில் தாங்கும் குழாயை அளவு பார்த்து வாங்கி மாட்டி, கோடை அழித்தேன். பகோவரை போய் வந்த பிறகு மறுபடி அதே கையடக்க மெஷினை மாட்டிப் பார்த்தால் ட்ரிம் +4. உதறலும் இல்லை. இரண்டு சென்சாரின் விலையோடு ஒப்பிட்டால் குழாய் விலை ஒன்றுமே இல்லை.

இப்போது வாங்கத்தான் வேண்டும் என்று தோன்றுகிறது. மச்சானும் நானும் சேர்ந்து கையடக்க வகை ஒன்று வாங்கலாம் என்று பேசியிருக்கிறோம். கடையில் என்னென்ன கேட்க வேண்டும்?

பகோ பட்டறை:

இரண்டு வீட்டு வண்டிகளுக்கு என்றால் வாங்குங்கள். கடைக்கு வண்டியோடு போங்கள். மாட்டி, படித்துக் காட்டிய பிறகே காசு. அட்டையில் எல்லா வண்டிக்கும் என்று அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம்.

ஜப்பான் உள்நாட்டு மெனு உங்கள் கம்பெனிக்கு இருக்க வேண்டும். கோடு மட்டும் காட்டுவது போதாது, ஓடும்போதே அளவுகளைக் காட்ட வேண்டும், ட்ரிம் உட்பட. ஃப்ரீஸ் ஃப்ரேம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். விளக்கு வந்த நொடியில் வண்டி என்ன வேகம், என்ன சூடு என்பது அதில் பதிவாகியிருக்கும். கோடை அழித்தால் அதுவும் அழிந்துபோகும், அதனால் முதலில் எழுதிக்கொள்ளுங்கள் அல்லது போட்டோ எடுங்கள்.

நீங்கள் முதலில் கேட்ட ஏபிஎஸ், ஏர்பேக் விஷயம்: மலிவு ப்ளூடூத் வகை பெரும்பாலும் எஞ்சினோடு மட்டும்தான் பேசும். சி (C) என்று தொடங்கும் ஏபிஎஸ் கோடும் பி (B) என்று தொடங்கும் ஏர்பேக் கோடும் வேண்டுமென்றால் கம்பெனி மெனு உள்ள வகைதான். ஏபிஎஸ்ஸில் எந்தச் சக்கரத்தின் சென்சார் என்று தெரிந்தால் நீங்களே வயரைத் துடைத்துப் பார்க்கலாம். ஏர்பேக் கோடைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மஞ்சள் கனெக்டரைக் கழற்றவே கூடாது, பை வெடித்தால் கை போய்விடும்.

மச்சானுடைய ஈஎல்எம்மைத் தூக்கிப் போட வேண்டாம். 2.1 பதிப்பு என்று சொல்லி விற்கும் போலிகளில் பல, பழைய முறைகளில் பேசாது, 1.5 என்று வருவது சிலது பேசும். எதுவானாலும் இரவு முழுக்கச் சாக்கெட்டிலேயே விட்டுவிடாதீர்கள், பேட்டரி இறங்கும்.

தன்லின் டாக்சி:

குழாய் கிடைச்சதுல சந்தோஷம் தம்பி. ஆனா கோடு சொன்னது என் வயர், அளவு சொன்னது கடன் வாங்குன மெஷின். ஒரு வண்டிக்காரன் வாங்க வேணாம்கிறதுல நான் மாறல. ரெண்டு வீடு சேர்ந்து வாங்குறது வேற கணக்கு, அதுக்கு நான் குறுக்க நிக்கல.

மோல்மேன் வாசகர்:

ஐயா, என்னிடம் 2009 நிசான் ஏடி. மஞ்சள் விளக்கு. இதே கையடக்க வகை போதுமா, ப்ளூடூத் போதுமா?

பகோ பட்டறை:

முதலில் 6, 14 துளைகளை போட்டோ எடுத்துப் போடுங்கள். தகடு இருந்தால் யாரிடமாவது ப்ளூடூத் வகையைக் கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள். 4, 13 சேர்க்கிற வழி டொயோட்டாவுக்கு, நிசானில் அதைச் செய்ய வேண்டாம்.