ரேஷன் எல்லாருக்குமா, ஏழைக்கு மட்டுமா? பரீட்சைல எப்படி எழுதறது?

வைகைக்கரை:
எம்.ஏ. எக்கனாமிக்ஸ் ரெண்டாம் வருஷம், பப்ளிக் எக்கனாமிக்ஸ் பேப்பர் ஓடுது. ஏழைக்கு மட்டும் குடுத்தா காசு மிச்சம், அவங்களுக்கே இன்னும் நெறைய குடுக்கலாம்னு புக்ல இருக்கு, படிச்சா சரின்னுதான் தோணுது. ஆனா எங்க தெருவுல கார் வச்சிருக்கவங்ககிட்டயும் அரிசி கார்டு இருக்கு. அப்ப தமிழ்நாடு பண்றது தப்பா?

பழைய மாணவன்:
தப்புன்னு ஒரே வரில முடிச்சிடாதீங்க தம்பி. வசதியானவன் உள்ள வந்தா இன்க்ளூஷன் எரர், ஏழை வெளிய நின்னா எக்ஸ்க்ளூஷன் எரர், பொதுவா ஒண்ண குறைக்கப் போனா இன்னொண்ணு ஏறும். 1997ல மத்திய அரசு ரேஷனை வறுமைக் கோட்டுக்குக் கீழ இருந்தா பிபிஎல், மேல இருந்தா ஏபிஎல்னு பிரிச்சப்பவும் இங்க எல்லாருக்கும்னே வச்சுக்கிட்டாங்க, 2011 ஜூன்ல இருந்து அரிசி கார்டுக்கு இலவச அரிசி. அதுலயும் அரிசி வேணாம்னா சர்க்கரை கார்டு, எதுவுமே வேணாம்னா பொருளில்லா கார்டு, வசதி இருக்கவங்க சிலபேர் தானாவே ஒதுங்கிக்கறாங்க. இதுக்குப் பேர்தான் செல்ஃப் டார்கெட்டிங், இத கண்டிப்பா எழுதுங்க.

மல்லி:
எக்ஸ்க்ளூஷன் எரர்னா என்னன்னு எனக்கு எங்க பாட்டிய பாத்துதான் புரிஞ்சுது. முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப் போட்டா பையன் இருக்கானேன்னு ஒரு ஆபீஸ்ல திருப்பி அனுப்பிட்டாங்க, அந்தப் பையன் வீட்டுப் பக்கம் வந்தே பல வருஷம் ஆச்சு, அத எந்த பேப்பர்ல காட்டறது? ரேஷன் கடைல மட்டும் அவங்கள யாரும் எதுவும் கேக்கல.

பழைய மாணவன்:
மல்லி சொன்னதுதான் மேட்டரே. இன்னொரு பாயிண்ட், மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர்ல ஆரம்பிச்சப்ப குடும்ப வருமானம் வருஷத்துக்கு 2.5 லட்சத்துக்குள்ள, கரண்ட் 3600 யூனிட்டுக்குள்ளன்னு வரம்பு வச்சாங்க. மாசம் 1000, வருஷத்துக்கு 12,000. வரம்புக்குக் கீழ இருக்க குடும்பம் 5000 ரூபா கூட சம்பாதிச்சு கோட்டத் தாண்டினா 12,000 போயிடும், கைல 7000 நஷ்டம். இதுக்கு நாட்ச்னு பேர். வருமான வரி கட்டாத குடும்பத்து மேலயும் வரி மாதிரி விழறது இப்படித்தான்.

வைகைக்கரை:
ரொம்ப நன்றிண்ணா, மல்லி அக்காவுக்கும். வருமானம் ஏற ஏற தொகை கொஞ்சம் கொஞ்சமா குறையற மாதிரி வச்சா அந்த நாட்ச் போயிடுமா?

பழைய மாணவன்:
போயிடும், ஆனா ஒவ்வொரு வீட்டு வருமானமும் சரியா தெரிஞ்சாகணும். கூலி வேலைக்குப் போறவங்களுக்கு ஏது சம்பள சீட்டு?