கமடோர் 64-க்கு முகப்படம் வரைய எந்த மென்பொருள்?

புள்ளிக்கோலம்:
வணக்கம். லேப்டாப்பில் ஒரு பெண்ணின் முகம் வரைந்து, 1980-களின் வீட்டுக் கணினியான கமடோர் 64-க்கு மாற்றிப் பார்த்தேன். அந்த மெஷினின் 16 நிறங்களைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. ஆனாலும் கன்னத்திலும் காதோரத்திலும் சதுரம் சதுரமாக வேறு நிறம் ஒட்டிக்கொள்கிறது. அந்த மெஷினிலேயே ஓடும் பழைய ஓவிய மென்பொருளான கோலா பெயின்டரில் நேராக வரைந்துவிடலாமா?

பழையதிரை:
16 நிறமும் படத்தில் வரலாம். ஆனால் எல்லாம் ஒரே இடத்தில் வர முடியாது, சிக்கல் அங்கேதான். மல்டிகலர் என்ற பலநிறப் பட முறையில் திரை 160×200 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் இரு மடங்கு அகலம். அதை 4×8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு கட்டத்துக்கு 4 நிறம்தான். அதிலும் ஒன்று திரை முழுக்கப் பொதுவான பின்னணி நிறம். மிச்சம் மூன்றைத்தான் நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். காதோரக் கட்டத்தில் ஐந்தாவது நிறம் நுழைந்தால், மாற்றித் தரும் மென்பொருள் எதையாவது தூக்கிவிட்டு அருகிலுள்ள நிறத்தைப் போட்டுவிடும். கட்டம் மனதில் இல்லாமல் வரைந்ததை எந்த மென்பொருளாலும் முழுசாகக் காப்பாற்ற முடியாது.

கோலா பெயின்டர் எனக்கு மிகவும் பிடித்தது. கோலாபேட் என்ற சின்னத் தொடுபலகையோடு வந்தது. அதன் கோப்பு எப்போதும் 10,003 பைட்: புள்ளிகளுக்கு 8,000, நிறங்களுக்கு இரண்டு ஆயிரம், பின்னணிக்கு 1, நினைவக முகவரிக்கு 2. படத்தில் என்ன இருந்தாலும் அளவு மாறாது. எவ்வளவு அழகான ஒழுங்கு! ஆனால் பலகை இல்லாமல் ஜாய்ஸ்டிக்கில் முகம் வரைவது பெரும்பாடு. மல்டிபெயின்ட் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய கணினியில் ஓடும், கட்டத்தின் நிற வரம்பை வரையும்போதே பின்பற்றும். அதே காலத்து இன்னொரு வீட்டுக் கணினியான ஸ்பெக்ட்ரமுக்கும் அதிலேயே வரையலாம். அங்கே 8×8 கட்டத்துக்கு இரண்டே நிறம்.

நீலவானம்:
டீலக்ஸ் பெயின்ட்டை விட்டுவிட்டீர்களே?

பழையதிரை:
டான் சில்வா எழுதி 1985-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட அந்த மென்பொருள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. நிறங்களைச் சுழலவிட்டே அருவியை ஓட வைக்கலாம். ஆனால் அது அமிகா என்ற வேறு கணினிக்கானது. அங்கே 4,096-இலிருந்து 32 நிறம் எடுத்துத் திரையில் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், கட்டத் தொல்லையே கிடையாது. இவருக்கு வேண்டியது கட்டத்தோடு பழகுவது.

புள்ளிக்கோலம்:
புரிகிறது. அப்படியானால் பின்னணிக்கு எந்த நிறம் வைக்கட்டும்?

பழையதிரை:
முகத்துக்குக் கறுப்பு. முடி, புருவம், கண்மணி, நிழல் எல்லாவற்றுக்கும் அது வேண்டும். பொதுநிறமாக வைத்தால் எல்லாக் கட்டத்திலும் கிடைக்கும். அப்புறம் தோலுக்குப் பழுப்பு, இளஞ்சிவப்பு, வெளிச்சம் படும் இடத்தில் மஞ்சள். கண் இருக்கும் கட்டத்தில் மட்டும் மஞ்சளை எடுத்துவிட்டு வெள்ளை போடுங்கள். கண்ணின் வெள்ளை பக்கத்துக் கட்டத்துக்குள் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால், முகத்தையே இரண்டு புள்ளி இடமோ வலமோ நகர்த்திப் பாருங்கள்.