ஆறு பேர் கூடினாலும் முதலில் பேசுபவர் சொல்வதே முடிவாகிறது, என்ன செய்யலாம்?

தோபாயோ வாசி:
வணக்கம். தாழ்வாரத்தில் சைக்கிளும் செருப்பு அலமாரியும் பூந்தொட்டியுமாக வழி அடைபடுவதைப் பேச, எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஆறு பேர் அடுத்த வாரம் கூடுகிறோம். ஒரு மணி நேரம்தான். மூத்தவர் ஒன்று சொன்னால் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். புதிதாக யாராவது சொன்னால் "அது நடக்காது" என்று உடனே வெட்டு விழுகிறது. கூட்டத்தை எப்படி நடத்துவது?

எழுதுகோல்:
யோசிப்பதும் எடைபோடுவதும் ஒரே மூச்சில் நடப்பதுதான் கோளாறு. முதல் பாதியில் பேச்சே வேண்டாம், எழுதட்டும். ஜெர்மானியரான பெர்ண்ட் ரோர்பாக் 1968இல் சொன்ன 6-3-5 முறை உங்களுக்கு அளவெடுத்துத் தைத்தது போலிருக்கும்: 6 பேர், ஆளுக்கு ஒரு தாள், 5 நிமிடத்தில் 3 யோசனை. பிறகு தாள் வலப்பக்கம் நகரும். அடுத்தவர் மேலே உள்ளதைப் படித்து, அதை வளர்த்தோ மாற்றியோ இன்னும் மூன்று எழுதுவார். ஆறு சுற்றில் 108 வரும், உங்கள் நேரத்துக்கு நான்கு சுற்று போதும்.

பேசினால் ஒருவர் முடிக்கும்வரை ஐந்து பேர் காத்திருக்க வேண்டும், அதற்குள் தோன்றியது மறந்துவிடும். 1958இல் யேல் பல்கலைக்கழகச் சோதனையிலேயே, தனித்தனியாக யோசித்த நால்வரின் யோசனைகளைச் சேர்த்தபோது, கூடிப் பேசிய நால்வரைவிட அதிகம் வந்தது.

ஈசூன் வாசகி:
அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. தாளின் தலையில் "சைக்கிளை எப்படி அகற்றுவது?" என்று எழுதினால், அகற்றும் வழி மட்டுமே வரும். "1.2 மீட்டர் வழி எப்போதும் எப்படிக் கிடைக்கும்?" என்று எழுதுங்கள். தீயணைப்பைக் கவனிக்கும் சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை கேட்பதும் அந்த 1.2 மீட்டரைத்தான். நிமிர்த்தி வைப்பது, கீழே நிறுத்துவது, ஓட்டாததை யாருக்காவது கொடுத்துவிடுவது என்று பல கதவு திறக்கும்.

மூத்தவரிடம் முன்கூட்டியே தனியாகப் பேசுங்கள்: "ஐயா, நீங்க கடைசியா சொன்னாத்தான் மத்தவங்க வாயத் திறப்பாங்க." கூட்டத்தின் நடுவில் சொன்னால் அவமதிப்பாகிவிடும். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பார்கள் என்பதால், யோசனைகளை ஒருவரே அட்டைகளில் படியெடுப்பது நல்லது.

மணற்கடிகை:
கேள்விக்கு 5 நிமிடம், எழுத 20, படியெடுத்து ஒத்தவற்றைச் சேர்க்க 10, நல்லதைச் சலித்தெடுக்க 20, யார் எதைச் செய்வது என்பதற்கு 5.

சலித்தெடுப்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். அளவுகோலை அட்டைகளைப் பார்க்கும் முன்பே எழுதி ஒட்டுங்கள்: 1.2 மீட்டர் கிடைக்குமா, செலவு எவ்வளவு, நகர மன்ற அனுமதி வேண்டுமா. பார்த்த பிறகு எழுதினால், பிடித்த யோசனைக்கு ஏற்ப அளவுகோல் வளையும். பிறகு பிடித்த அட்டைகளில் ஒட்ட ஆளுக்கு மூன்று புள்ளி கொடுங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் ஒட்ட வேண்டும், வரிசையில் ஒட்டினால் முதல் புள்ளி மற்றவற்றை இழுத்துவிடும்.

முன்னணியில் வரும் இரண்டுக்கும் உளவியலாளர் கேரி கிளைன் சொன்ன கேள்வி: "ஆறு மாதம் கழித்து இது தோற்றுவிட்டது. ஏன்?" மூன்று நிமிடம் தனித்தனியே எழுதட்டும். "தோற்குமா?" என்று கேட்டால் மரியாதைக்காக "இல்லை" என்பார்கள். தோற்றுவிட்டதாகவே வைத்துக்கொண்டால், காரணம் சொல்வது யாரையும் குறை சொன்னதாகாது. ஒருவரை எதிர்த்துப் பேசும் வேடத்துக்கு நியமிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நடிப்பு என்று தெரிந்ததும் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

தோபாயோ வாசி:
மிக்க நன்றி. ஒரு பாட்டிக்கு எழுத வராது, ஒருவருக்குச் சீனம் மட்டுமே தெரியும். தாளைச் சுற்றவிட முடியுமா?

எழுதுகோல்:
அப்படியென்றால் சுற்ற வேண்டாம். இருவர் இருவராக உட்காரவைத்து, அவர்கள் மொழி தெரிந்தவரை அருகில் அமர்த்துங்கள். பாட்டி சொல்வதைச் சுருக்காமல் எழுதி, திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். சுருக்கினால் அது எழுதியவர் யோசனையாகிவிடும். தாழ்வாரத்தின் படத்தை வரைந்து நடுவில் வையுங்கள், எந்த மொழிக்காரரும் விரலால் காட்டலாம்.