செம்பு கூடின பொன்னும் நாலு கம்பி அளவீடும்

நான் தஞ்சாவூரில் எம்.ஃபில் படித்தபோது நடந்தது. உலோகக்கலவையில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கி அமர்வதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை மின்தடையை வைத்துப் பார்க்கும் வேலை. மூன்று செம்பு அணுவுக்கு ஒரு பொன் அணு. எடைக்கு பொன் பாதிக்குச் சற்றே மேல், 12 கேரட் சொச்சம். மெல்லிய கம்பியாக இழுத்துத் தரக் கும்பகோணத்தில் ஓர் ஆசாரியைப் பிடித்தேன்.

அவர் சொன்னது: "தம்பி, செம்பு கூடின பொன்னைக் காய்ச்சினா சூட்டோட தண்ணியில போட்டுடணும். தானா ஆறவிட்டா விறைச்சுக்கும். 18 கேரட்டுன்னா இன்னும் மோசம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 18 கேரட் சிவப்புப் பொன்னில் இரண்டு அணுக்களும் ஏறக்குறையச் சரிபாதி. 385 டிகிரிக்குக் கீழே மெதுவாக ஆறினால் செம்பு ஓர் அடுக்கு, பொன் ஓர் அடுக்கு என்று மாறி மாறி அமர்ந்து, கனசதுரக் கட்டம் ஒரு பக்கம் அமுங்கிவிடும். அந்த இறுக்கம்தான் விறைப்பு.

என் கம்பிக்கு எல்லை 390 டிகிரி. அதற்கு மேலே காய்ச்சித் தண்ணீரில் போட்டால் கலைந்த நிலை அப்படியே உறைந்துவிடும். அப்புறம் 200, 250 டிகிரி என்று உலையில் கொஞ்ச நேரம் வைப்பது, எடுத்துத் திரவ நைட்ரஜனில் முக்கி அளப்பது. அந்தக் குளிரில் அணுக்களின் அதிர்வு அடங்கிவிடுவதால் ஒழுங்கின்மை தரும் தடை பளிச்சென்று தெரியும். அளக்கும் கம்பியில் நாலு இணைப்புக் கம்பி: வெளியே உள்ள இரண்டில் மின்னோட்டம், உள்ளே உள்ள இரண்டில் மின்னழுத்தம், வருவதோ மைக்ரோவோல்ட். மின்விசிறிக் காற்று பட்டாலே எண் ஆடும். ஐப்பசி மழையில் கரண்ட் போனால் அன்றைய பாடு போச்சு.

தடை முதலில் மளமளவென்று இறங்கும். தண்ணீரில் போட்டபோது சிக்கிக்கொண்ட, அணு இல்லாத காலி இடங்கள் வழியாகத்தான் அணுக்கள் இடம் மாறுகின்றன. அவை தீர்ந்ததும் நத்தை வேகம். முழுக்க ஒழுங்கானால் அறை வெப்பநிலைத் தடை பாதிக்கும் கீழே வந்துவிடும். ரஷ்ய வேதியியலாளர் குர்னகோவின் குழு 1916லேயே இந்தக் கலவையில் மாற்றத்தைக் கண்டுவிட்டது. எக்ஸ் கதிரில் சான்று வந்தது 1920களில்தான்.

மறுமொழி, மயிலாடுதுறையிலிருந்து:

அருமை சார். ஆனால் ஒழுங்கு வந்தாலே தடை குறையும் என்று நம்பிவிடாதீர்கள். ஹீட்டரில் போடும் நைக்ரோம் (நிக்கல், குரோமியம் கலவை) கம்பியை 450 டிகிரி வாக்கில் வைத்திருந்தால் தடை ஏறும்! அக்கம்பக்க அணுக்கள் மட்டும் ஒழுங்காவதுதான் காரணம் என்பார்கள். கம்பியை நசுக்கி இழுத்தால் திரும்ப இறங்கும். அளந்து பார்த்தவன் சொல்கிறேன்.