உதவி: கிரிட்டாவில் (கணினி ஓவிய மென்பொருள்) வரையும் நீல‑வெள்ளைப் பீங்கான் ஸ்டிக்கர் ஒட்டியதுபோல் தெரிகிறது

நீலக்கோடு:
சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்தேஜென்னின் ஜாடி ஒன்றைப் பார்த்துத் தாமரைக்கொடி வரைகிறேன். கேன்வாஸ் 3000 × 3000 பிக்சல், பின்னணி தூய வெள்ளை. கோடுகளுக்கு 0, 0, 255 (சிவப்பு, பச்சை, நீல அளவுகள்) நீலம். இதழ்களுக்குள் அதே நீலம் 40% ஒப்பாசிட்டியில். பளபளப்புக்கு வெள்ளை ஏர்பிரஷ். எல்லாம் சுத்தமாக வருகிறது, ஆனால் ஸ்டிக்கர் ஒட்டினதுபோல் மேலேயே நிற்கிறது. வாட்டர்கலர் பிரஷ்ஷுக்கு மாறினால் காகித ஓவியமாகிவிடுகிறது. எதை மாற்றலாம்?

சூளைவாசல்:
ஜிங்தேஜென்னில் சுடாத, காய்ந்த மண்ணின் மேல் கோபால்ட்டால் (நீலம் தரும் கனிம நிறமி) வரைந்து, அதன்மேல் நிறமற்ற கிளேஸ் (சுட்டால் கண்ணாடியாகும் பூச்சு) பூசி, சுமார் 1300 டிகிரி செல்சியஸில் சுடுவார்கள். ஆக, நிறம் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. லேயர் வரிசையும் அப்படியே: கீழே மண், நடுவில் நீலம், எல்லாவற்றுக்கும் மேலே கிளேஸ்.

முதலில் நிறத்தை மாற்றுங்கள். கிளேஸில் இருக்கும் துளி இரும்பு, ஆக்சிஜன் குறைந்த சூளையில் லேசான நீலப்பச்சைச் சாயல் தரும். அதனால் பின்னணி 236, 241, 240. கோட்டுக்கு 26, 42, 104. நிரப்புக்கு 60, 88, 160 முதல் 150, 172, 214 வரை மூன்று நான்கு படிகள். ஒரே நீலத்தின் ஒப்பாசிட்டியைக் குறைத்தால் மட்டும் போதாது. மெல்லிய கோபால்ட் கொஞ்சம் சாம்பல் கலந்துதான் தெரியும்.

இதழ் நிரப்புவதில்தான் பலர் வழுக்குகிறார்கள். அங்கே கைவினைஞர்கள் பெரிய பிரஷ்ஷில் நிறநீரை நிறைய எடுத்து, கோட்டுக்குள் குளம்போல் தேக்கி நகர்த்துவார்கள். பிரஷ் தடமே விழாது. வாட்டர்கலர் பிரஷ் காகித இழையையும் காய்ந்த விளிம்பையும் கொண்டுவருவதால் பொய்யாகத் தெரிகிறது. இதழை லாஸோவில் தேர்ந்தெடுத்து, அடியில் அடர்த்தியும் நுனியில் வெளிறலுமாக கிரேடியன்ட் போடுங்கள். பிரஷ்தான் வேண்டுமென்றால் பிரஷ் எடிட்டரில் பெயின்டிங் மோடை ‘வாஷ்’ ஆக்குங்கள். ‘பில்ட் அப்’ இருந்தால் ஒரே இழுப்பில் பிரஷ்ஷின் பதிவுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறித் திட்டு விழும்.

பிறகு, நீலம் கிளேஸில் கசிந்த தோற்றம். கோட்டு லேயரை நகலெடுத்து, நகலுக்கு மட்டும் காஸியன் பிளர் (மங்கலாக்கும் ஃபில்டர்) 4 பிக்சல், லேயர் மோட் மல்டிப்ளை (கீழுள்ள நிறத்தைக் கருமையாக்குவது), ஒப்பாசிட்டி 45%. மூலக் கோடு 80%இல் கூர்மையாகவே இருக்கட்டும்.

அடுக்குமேடை:
இதோடு ஒன்று: சீனப் பேரரசர் ஷுவான்தே காலத்துச் (1426–1435) சாயல் வேண்டுமென்றால், இறக்குமதிக் கோபால்ட்டின் இரும்பால் வந்த கருந்திட்டுகளையும் சேர்க்கணும். கோடு தடிக்கும், திரும்பும் இடங்களில் மட்டும் 20, 24, 44 நிறத்தில் 5–12 பிக்சல் புள்ளிகள். எங்கும் தூவினால் அழுக்குபோல் ஆகிவிடும். பேரரசர் காங்ஷி காலச் (1662–1722) சாயலுக்கு இவை வேண்டாம். அங்கே அழகே நீலத்தின் படிநிலைகளில்தான்.

பளபளப்புக்கு ஏர்பிரஷ் வேண்டவே வேண்டாம், அது பிளாஸ்டிக். ஜன்னல் வடிவத்தில் கூரான விளிம்புள்ள வெள்ளைக் கட்டம், ஜாடியின் வளைவுக்கேற்ப ட்ரான்ஸ்ஃபார்மில் வார்ப் செய்து, ஸ்கிரீன் மோடில் (கீழுள்ள நிறத்தை வெளிறச் செய்வது) 85%. அது நீலத்தின் மேலேயும் தடையின்றிப் போகணும். ஸ்டிக்கர் உணர்வை உடைப்பது பெரும்பாலும் இந்த ஒரு லேயர்தான்.

நீலக்கோடு:
நன்றி. ஜன்னல் வெளிச்சம் வைத்ததும் படம் கீழே இறங்கிவிட்டது. இரண்டு சிக்கல் மிச்சம்: 1000 பிக்சலில் செய்த சிறு படத்தில் எல்லாமே மங்கல். அச்சடித்தால் நீலம் கத்தரிப்பூ நிறமாகிறது.

சூளைவாசல்:
பிளர் கேன்வாஸைப் பொறுத்தது. 3000க்கு 4 என்றால் 1000க்கு 1.3 போதும்.

அச்சில், சயன் (வெளிர்நீல) மைக்கு நெருக்கமாக மெஜந்தா (இளஞ்சிவப்பு) மை ஏறினால் ஊதா அடிக்கும். மெஜந்தாவைச் சயனைவிடக் குறைந்தது 30 புள்ளிகள் கீழே வையுங்கள்: சயன் 100 என்றால் மெஜந்தா 65–70, கருப்பு 20 அளவில். அச்சகத்தின் ஐசிசி ப்ரொஃபைலை (அவர்களின் அச்சு நிற விவரக் கோப்பு) வாங்கி, வியூ மெனுவில் சாஃப்ட் ப்ரூஃபிங் (அச்சு நிறத்தைத் திரையிலேயே காட்டுவது) போட்டுப் பாருங்கள். பழைய 0, 0, 255 ஏதாவது லேயரில் மிச்சம் இருந்தால் ‘அவுட் ஆஃப் காமட்’ (அச்சில் வராத நிறம்) எச்சரிக்கை அதைக் காட்டிக்கொடுக்கும்.

அடுக்குமேடை:
நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஓடு வரையும்போது இதே செட்டிங்கை எடுக்காதீர்கள். அது பீங்கானே அல்ல. சுட்ட மண்ணில் வெள்ளீயக் கிளேஸ் பூசி, அந்தப் பொடிப்பூச்சின் மேல் வரைவது. பூச்சு நிறத்தை உடனே உறிஞ்சுவதால் பிரஷ் தடம் அப்படியே தெரியும். அங்கே கிரேடியன்டை விட்டுவிட்டு இழுப்புகளாலேயே நிரப்புங்கள். பின்னணியும் கொஞ்சம் பால் வெள்ளையாக, 240, 238, 230.